அழக்கூடாத வீடு

கண்டியில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று அந்த ஊர்க் கட்டுக்கலைத் தெருவில் கேட்காத ஆள் இல்லை. ஊரைச் சுற்றி மலை. நடுவில் ஒரு வாவி; அதிலும் இறங்கிக் குளிக்க விடமாட்டார்கள். நீச்சல் பழக வேண்டுமென்றால் கெட்டம்பேக்குப் போய் மகாவலியில்தான் விழ வேண்டும். அப்படி விழுந்து எழுந்து பழகியவன் பூக்கடை வீரையாவின் ஒரே மகன் செல்லப்பா. நீச்சல் தெரிந்துவிட்டது என்பதற்காக ஒருவன் கப்பல் ஏறுவானா? இவன் ஏறினான். உலக யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். கொழும்புத் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவன், மலைநாட்டுத் தேயிலையைச் சீமைக்கு ஏற்றிப்போகும் சரக்குக் கப்பலொன்றில் நிலக்கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சேர்ந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

அவன் கதை சின்னது. இருபத்திரண்டு வயதோடு கடலில் முடிந்துபோனது. நீளமானது இராஜகுமாரியின் கதை.

இராஜகுமாரி என்று பெயர் வைத்தவர்கள் அவளை அரண்மனையில் வைத்துப் பார்க்க இருக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக ஆளை வாரிய வருடம் கலகெதரவில் தகப்பனும் தாயும் அடுத்தடுத்துப் போனார்கள். தகப்பனின் அக்காள் சுப்பம்மா, அதாவது வீரையாவின் மனைவி, பஸ்ஸில் வந்து அவளையும் அவளுடைய அண்ணன் ராஜலிங்கத்தையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கண்டிக்குக் கூட்டி வந்தாள். பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அந்த வீட்டில்தான் அவள் பூக்கட்டப் பழகினாள், பாவாடை போய்ச் சேலைக்கு மாறினாள், செல்லப்பா மச்சானோடு சண்டை போட்டாள், பிறகு சண்டை போடக் கூச்சப்பட்டாள்.

மகன் கப்பலில் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்ததும் சுப்பம்மா செய்த முதல் காரியம் பூ வைத்தது. கயிறு போட்டால் மாடு நிற்கும் என்று நினைத்துவிட்டாள் பாவம். அவர்கள் ஆட்களில் பூ வைப்பது விளையாட்டுக் காரியமில்லை. தேங்காய் பழம் தட்டில் வைத்து, புதுச் சேலை கொடுத்து, பையனின் தாய் தன் கையாலேயே பெண் தலையில் பூவை வைத்துவிட்டால், அதோடு அவள் அந்த வீட்டுக்காரி. தாலி மட்டும்தான் பாக்கி. வைத்த பூவை வைத்த கைதான் எடுக்கலாம். எடுக்கும்வரை வேறொருவன் வந்து பெண் கேட்க முடியாது. அதுவரைக்கும் அவள் நெற்றியில் பொட்டும் தலையில் பூவும் கையில் வளையலும் குறையக் கூடாது. செத்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இராஜகுமாரிக்கு அப்போது பதினாறு வயது. தலையில் பூ கனமாக இருந்ததும், செல்லப்பா கதவோரம் நின்று சிரித்ததும் அவளுக்குச் சாகும்வரை மறக்கவில்லை.

ஒரு தடவை லீவில் வந்தான். கைகள் கறுத்து, கண் சிவந்து, ஆள் இளைத்திருந்தான். "கடல் எப்படி மச்சான் இருக்கும்?" என்று கேட்டாள். "நம்ம வாவி மாதிரித்தான். கரையத்தான் காணோம்" என்றான். அவ்வளவுதான் அவர்கள் இரண்டு பேரும் பூ வைத்த பிறகு தனியாகப் பேசிக்கொண்டது. அதற்குள் ராஜலிங்கம் வந்துவிட்டான்.

யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம் தந்தி வந்தது. வீரையா அதற்குச் சில மாதம் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். புண்ணியவான், இதைக் கேட்காமல் தப்பினார். ராஜலிங்கம்தான் வாசித்துச் சொன்னான்: கப்பல் தாக்கப்பட்டது, செல்லப்பாவைக் காணவில்லை. இராஜகுமாரி வாயைத் திறந்தாள். சத்தம் வெளியே வருவதற்குள் சுப்பம்மா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்திவிட்டாள்.

"காணோம்னுதான் போட்டிருக்கு. காணாமப் போனவனுக்கு யாராச்சும் அழுவாங்களா? நீ அழுதா அவன் செத்துருவான்டி. இந்த வீட்டுல யாரும் அழக் கூடாது."

அன்று பொத்திய வாய்தான். பெற்ற மனம் பித்து என்று சொல்லிச் சொல்லித் தெருவே அதைப் பொறுத்துக்கொண்டது. செல்லப்பாவுக்கு மாலை போட்ட படமும் மாட்டவில்லை, திதியும் கொடுக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கு ஒரு புது வேட்டி எடுத்து மஞ்சள் தடவி அலுமாரியில் வைத்தாள் சுப்பம்மா. இராஜகுமாரி தினமும் சாயங்காலம் குளித்து, பொட்டு வைத்து, முதல் கண்ணி மல்லிகையைத் தன் தலையில் வைத்துக்கொண்டுதான் கடையில் உட்கார வேண்டும். என்றைக்காவது தலைவலி என்று பூ வைக்காமல் வந்தால் போதும்.

"பூ எங்கடி? எம்புள்ளைக்கு ஏதும் ஆயிருச்சுன்னு ஊருக்குச் சொல்றியா?"

அவள் உள்ளே ஓடிப்போய்ப் பூ வைத்துக்கொண்டு வருவாள். அவள் தலையில் பூ இருக்கும்வரை கடலில் அவன் இருக்கிறான். கணக்கு அப்படி.

சுதந்திரம் வந்தது. வாவிக்கரையில் கட்டிய கொடிகள் மழையில் வெளுத்துப்போயின. கட்டுக்கலைத் தமிழர்களில் பாதிப் பேர் எந்த நாட்டுக்காரர் என்று அரசாங்கம் யோசிக்க ஆரம்பித்திருந்தது. அப்படி ஒரு நாள் மத்தியானம் கடைவாசலில் ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் வந்து நின்றான். சண்முகநாதன் என்று பெயர். பேராதனையில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் களஞ்சியம் பார்க்க வந்தவன். செல்லப்பாவை விசாரித்து வரவில்லை. செல்லப்பாவைப் பற்றிச் சொல்ல வந்திருந்தான்.

சுப்பம்மா கதிரையை எடுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அம்மா, நானும் செல்லப்பாவும் கொழும்பிலை ஒரே அறையிலை இருந்தனாங்கள். பிறகு அவன் ஒரு கப்பல், நான் ஒரு கப்பல். ஆனா ஒரே கொன்வோயிலைதான் போனனாங்கள். கப்பலுகள் எல்லாம் கூட்டமாப் போகும். சுத்திவரப் போர்க்கப்பல் காவல் வரும். அண்டைக்குப் பொழுதுபடுற நேரம், எங்களுக்கு வலப்பக்கம் போன கப்பல் அடிபட்டுது. அவன்ரை கப்பல்தான். நீர்மூழ்கி அடிச்சது."

"நீங்க நிப்பாட்டி ஆளத் தூக்கலையா?" என்று கேட்டாள் சுப்பம்மா.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்டு அடிபட்டால் மற்றதுகள் நிக்கக் கூடாது அம்மா. நிண்டால் அடுத்தது அதுக்குத்தான் அடி. அது கட்டளை. தண்ணிக்குள்ளை நிண்டு ஆக்கள் கை காட்டினவை. நாங்கள் மேல்தட்டிலை நிண்டு பாத்துக்கொண்டே போனனாங்கள்."

"அதுல எம்மகன் இருந்தானா?"

"ஆர் எண்டு தெரியேல்லை அம்மா. தூரம்."

"அவன் செத்தத நீ ஒங்கண்ணால பாத்தியா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் பையன் நேர்மையாக வளர்ந்தவன்.

"இல்லை அம்மா. நான் காணேல்லை."

"அவ்வளவுதான்" என்று சுப்பம்மா எழுந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சமே வந்துவிட்டது. "பாக்கலல்ல? இரு தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் குடிக்கவில்லை. போயிட்டு வாறன் என்று கும்பிட்டுவிட்டு இறங்கி நடந்தான். இராஜகுமாரி கையிலிருந்த வாழைநாரைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். தெரு திரும்பும் இடத்தில் அவனைப் பிடித்தாள். அந்நிய ஆம்பிளையோடு அவள் நடுத்தெருவில் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"அடிபட்ட நேரம் அவரு கப்பல்ல எங்க இருந்திருப்பாரு?"

அவன் அவள் தலையிலிருந்த பூவைப் பார்த்தான்.

"சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

"அடியிலை தங்கச்சி. கரி அறையிலை. அது அவன்ரை வேலை நேரம். அடி விழுந்ததும் அந்தப் பக்கம்தான். கீழை நிண்ட ஒருத்தரும் மேலை வரேல்லை எண்டு பிறகு தப்பின ஆக்கள் சொன்னவை. அந்த அம்மாவுக்கு முன்னாலை இதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அவள் சரி என்று தலையாட்டினாள். திரும்பி நடந்து வந்தாள். கடையில் சுப்பம்மா அவள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கேட்ட?"

"மச்சானோட போட்டோ ஏதும் இருக்கான்னு கேட்டேன். இல்லையாம்."

"ம். மல்லி வாடுது பாரு. தண்ணி தெளி."

தண்ணீர் தெளித்தாள். அன்று தொடங்கி அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று: அவனுக்காக ஒரு தடவை வாய்விட்டு அழ வேண்டும். புருஷன் செத்தால் பெண்டாட்டி எப்படி அழுவாளோ அப்படி, தலையை விரித்துப் போட்டு, நாலு பேர் கேட்க. நகையா கேட்டாள், நட்டா கேட்டாள்? உலகத்தில் எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று கும்பிடுகிற ஒன்றை அவள் தனக்குக் கொடு என்று பிள்ளையாரிடம் கேட்டாள். ஆனால் அத்தையின் உயிர் அந்தப் பையன் சொன்ன 'காணேல்லை' என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. இவள் அழுதால் அது அறுந்துபோகும். தாயைப்போல வளர்த்தவளைக் கொன்றுவிட்டு அழ வேண்டுமா? அடக்கிக்கொண்டாள். அத்தைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும் என்ற அந்தப் பாரத்தைத் தானே சுமந்துகொண்டாள்.

ஆடி அமாவாசைக்குக் கட்டுக்கலைக்காரர்கள் கெட்டம்பே ஆற்றங்கரைக்குப் போவார்கள். ராஜலிங்கம் தகப்பனுக்கும் வீரையாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பான். இராஜகுமாரி கரையில் கூடையோடு நிற்பாள். அவள் இறங்கக் கூடாது. மகாவலி போய்த் திருகோணமலையில் கடலில் விழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வரும். ஊர்ச் சாக்கடைத் தண்ணீர்கூட அவனிடம் போய்ச் சேருகிறது, எனக்குத்தான் வழியில்லை என்று நினைப்பாள். நிற்காமல் போன கப்பல்கள்மேல் ஆத்திரம் பொங்கும். கட்டளையாம், பொல்லாத கட்டளை. பிறகு அந்தக் கப்பலில் நின்று பார்த்துக்கொண்டே போன பையனின் முகம் நினைவுக்கு வரும், ஆத்திரம் அடங்கிவிடும்.

கம்பளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த இராமையா. தாரமிழந்தவர், பிள்ளைகள் இல்லை, நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. வைத்த பூவை எடுத்துவிடுங்கள் என்று கேட்க அவருடைய அக்காள் தாம்பூலத்தோடு சுப்பம்மாவிடம் வந்தாள்.

"எடுத்துர்றேன்" என்றாள் சுப்பம்மா. "எம்மகன் வந்து எனக்கு இவ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த நிமிசமே எடுத்துர்றேன்."

வந்தவள் வாயைப் பிளந்தபடி தாம்பூலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். கூட வந்திருந்த இராமையா மட்டும் வாசலில் ஒரு நிமிடம் பிந்தினார். பூ வாங்குகிறவர்போல நின்று, "உங்களுக்கு விருப்பம் இருந்தா நான் இன்னொருக்கா வந்து பேசுறேன்" என்றார்.

"எனக்குப் பூ வச்சிருக்குங்க" என்றாள் இராஜகுமாரி.

அவர் போன பிறகு அவள் கட்டி முடித்த சரத்தையே அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அவரைக் கட்டிக்கொள்ள ஆசை என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் அவளிடம் அவள் விருப்பத்தைக் கேட்டுவிட்டார், அதுதான். தண்டவாளத்தில் கோச்சி கூவும்போதெல்லாம் கொஞ்ச நாள் அவர் நினைப்பு வந்தது. பிறகு அதுவும் விட்டுப்போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இலவு காத்த கிளி என்று பெயர் வைத்தார்கள். கல்யாண மாலைக்குச் சொல்ல வருகிறவர்கள், இவள் கட்டியது ஆகுமா ஆகாதா என்று தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். கன்னி என்பதா, கட்டியவள் என்பதா, அறுத்தவள் என்பதா? கோயிலில் மஞ்சள் குங்குமம் கொடுக்கும்போது தட்டு அவளுக்கு முன்னால் வந்து ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்தை அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்தாள்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் மாரடைப்பில் போனார். அவர் மனைவி ருக்கியாதான் இராஜகுமாரிக்கு இருந்த ஒரே சிநேகிதி. ருக்கியா இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆம்பிளை முகம் பார்க்காமல் இருந்தாள். ஜனாஸா எடுத்த அன்று செத்த வீட்டுக்குப் போக முடியாத இராஜகுமாரி, பிறகு அத்தைக்குத் தெரியாமல் பின்பக்கச் சுவரோரம் போய்ப் போய் அவளைப் பார்த்தாள். ருக்கியா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவாள். இராஜகுமாரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அழுகிறாளே, யாரும் தடுக்கவில்லையே என்ற பொறாமை.

இத்தா முடிந்து வெளியே வந்த ருக்கியா, வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒரு கணக்கு தந்தாங்க ராஜி. இத்தின நாள் அழு, பொறகு எழும்பிப் போய் புள்ளைகளப் பாருன்னு. அழுதன். எழும்பிட்டன். ஒனக்கு ஆரு கணக்கு தந்தாங்க?"

"எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே விடல ருக்கியா" என்றாள் இவள்.

அறுபதுகளின் கடைசியில் ராஜலிங்கமும் ஊரை விட்டுப் போனான். எந்த நாட்டுக்காரர் என்று யோசித்துக்கொண்டிருந்த அரசாங்கங்கள் ஒருவழியாக முடிவெடுத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டன. ராஜலிங்கம் இந்தியாவின் பங்கில் விழுந்தான். தங்கச்சியையும் வரச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினான். அத்தையை யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டாள். கண்டி ஸ்டேஷனில் கப்பலேறத் தலைமன்னார் போகிறவர்களுக்காக ஒரு கூட்டமே நின்று அழுதது. தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். ராஜலிங்கம் அழுதான், அவன் மனைவியும் பிள்ளைகளும் அழுதார்கள். இராஜகுமாரிக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அண்ணி நினைத்திருப்பாள். அடக்கி அடக்கி அவளுக்கு அழுகை மறந்தே போய்விட்டது. கோச்சி போன பிறகு வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு நடந்தே வீட்டுக்கு வந்து சாயங்காலப் பூவை வைத்துக்கொண்டாள். தலையில் நரை விழ ஆரம்பித்திருந்தது. நரைத்த தலையில் மல்லிகை எடுப்பாகத் தெரியும். அதையும் தெரு பேசியது.

அதற்குப் பிறகு அந்த இரண்டு அறையில் இரண்டே பேர். சுப்பம்மா செல்லப்பாவைப் பற்றிப் பேசுவதே குறைந்துபோயிற்று. வேட்டி எடுப்பது மட்டும் நிற்கவில்லை. இராஜகுமாரி சமைத்தாள், பூக்கட்டினாள், படுத்தாள், எழுந்தாள். பேச்சுக்கு ஆள் இல்லாத வீட்டில் நார் கிழிக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வருடங்கள் வந்தன. அரிசி இல்லை, மா இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். பூ யார் வாங்குவார்கள்? கடையைப் பாதி நாள் திறக்கவே இல்லை. சுப்பம்மா படுத்துவிட்டாள். பெரிய வியாதி ஒன்றுமில்லை. வயது, போதாத சாப்பாடு, மழை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள்.

ஒரு நாள் காலை, கஞ்சி கொடுத்துவிட்டு இராஜகுமாரி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே சுள்ளென்று வெயில். சுப்பம்மா முகட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"ராஜி, அவன் வரமாட்டான்டி."

இராஜகுமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு நினைவு தப்புகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். "யாரு அத்தை?"

"செல்லப்பாதான். அவன் அன்னைக்கே போயிட்டான். எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீதான். அந்த யாழ்ப்பாணத்துப் பையன் பின்னால ஓடிப் போயி என்னமோ கேட்டுட்டுத் திரும்பி வந்தியே, உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல யாருகிட்ட கேக்கணும்?"

நாரும் பூவும் மடியிலிருந்து சரிந்தன. இராஜகுமாரி எழுந்து நின்றாள். இத்தனை வருடமாக இவள் அத்தைக்கு மறைத்தாள், அத்தை இவளுக்கு மறைத்தாள். ஒரே செய்தியை இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, ஒரே பாயில் தூங்கி எழுந்திருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா என்னய அழ விடல? தெரிஞ்சுமா தெனம் தெனம் பூ வைக்கச் சொன்னீங்க?"

சுப்பம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நீ அழுதா தீந்துரும்டி. தீந்தா நீ எழும்பிப் போயிருவ. அந்தக் கம்பளைக்காரன் கூட்டிட்டுப் போயிருப்பான். புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. நான் யாரோட இருப்பேன்? நான் சண்டாளிதான். வையி என்னய."

இராஜகுமாரி பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். போய்விட்டால் என்ன என்றுகூட நினைத்தாள். எங்கே போவது? இராமையா இருக்கிறாரோ இல்லையோ. அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம். திட்டலாம் என்றால், உள்ளே கிடப்பது எலும்பும் தோலுமான ஒரு கிழவி. நல்ல வயதெல்லாம் போன பிறகு உண்மையைச் சொல்கிறாளே, செத்தாவது போயிருக்கலாமே இதைச் சொல்லாமல் என்று வாய்க்குள் வைதாள். வைது முடித்தபோது தெரிந்தது: தானும் அப்படித்தான் பயந்திருக்கிறாள். அத்தை போய்விட்டால் நான் யாரோடு இருப்பேன் என்ற அதே பயம்.

உள்ளே வந்தாள். சுப்பம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள்.

"கிட்ட வா. வச்ச கை எடுத்துரும். நீ எங்க வேணும்னாலும் போ."

இராஜகுமாரி இரண்டடி பின்னால் போனாள். "வேணாம் அத்தை."

"ஏன்டி?"

"எடுத்துட்டீங்கன்னா நான் அவருக்கு யாருமில்ல. யாருமில்லாதவ எப்படி அவருக்கு அழுவுறது? இத்தன வருசம் அந்த ஒன்னத்தான் கேட்டேன். அதையும் பறிச்சிராதீங்க."

சுப்பம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு மடியில் விழுந்தது.

"அழு" என்றாள் சுப்பம்மா. "நான் இருக்கப்பவே அழு. என் காதால கேட்டுட்டுப் போறேன்."

இராஜகுமாரி தரையில் உட்கார்ந்தாள். அழத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செத்த வீட்டுக்கே போகாதவள், ஒப்பாரிக்கு எங்கே போவாள்? சுப்பம்மாதான் முதலில் எடுத்தாள். மார்பில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த மவனே" என்று ஒரு கீச்சுக் குரலில் இழுத்தாள். அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், இவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"மாவலியில் நீந்தித் திரிஞ்ச மகராசா - ஒங்களுக்கு
மாகடலும் ஆழமாகிப் போயிருச்சோ
தேயிலையும் நீங்களுமாச் சேந்து போனீக - அந்தத்
தேயில கரை சேந்துச்சோ, ஒங்களத்தான் காணலையோ
கூட வந்த கப்பலெல்லாம் நிக்கலையே - நான்
கூப்பிட்ட சத்தமும்தான் கேக்கலையோ"

யாரும் சொல்லிக் கொடுக்காத சொல் வரிசையாக வந்தது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஆடி ஆடி அழுதார்கள். வைததும் வெறுத்ததும் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

ஒப்பாரிச் சத்தம் கேட்டால் தெரு சும்மா இருக்குமா? சுப்பம்மா போய்விட்டாள் என்று நினைத்து, பாண் வரிசையில் நின்றவர்கள்கூட ஓடி வந்தார்கள். ருக்கியா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உள்ளே வந்தாள். அவள் மகள் ஸக்கியா பின்னால் வந்தாள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். போனவள் என்று நினைத்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். இருக்கிறவள் தலையை விரித்துப் போட்டுப் புருஷனுக்கு அழுகிறாள்.

"ராஜி, ஆருக்குப் புள்ள?" என்று ருக்கியா மெதுவாகக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரருக்கு" என்றாள் இராஜகுமாரி. "கடல்ல போயிட்டாரு ருக்கியா."

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி ஒன்றும் புரியாமல், இந்த அம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லையே என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். அவள் மெல்லத்தான் கேட்டாள். ஆனால் அறை சின்னது. இராஜகுமாரியின் அழுகை நடுவில் நின்றது. எல்லாரும் சுப்பம்மாவைப் பார்த்தார்கள்.

சுப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மகன் பொண்டாட்டி அழுவுறா" என்றாள். "அழட்டும். யாரும் தடுக்காதீங்க."

ருக்கியா தரையில் உட்கார்ந்து இராஜகுமாரியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எப்போது போனார், எத்தனை வருடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மத்தியானம் ஸக்கியா தங்கள் வீட்டுக்கு அவித்த கிழங்கைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள்.